நைட் டியூட்டி முடிந்து பகலில் தூங்கி எழுந்தால் எந்த துஆ?

முதுநகர் நர்ஸ்:

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஊரில் மார்க்க அறிஞர் ஹஜ்ரத்திடம் நேரில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, அதனால் இங்கே கேட்கிறேன்.

நான் புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீடு கடலூர் ஓ.டி., அதாவது முதுநகர். மாதத்தில் பாதி நைட் டியூட்டிதான். ராத்திரி எட்டுக்கு உள்ளே போனால் காலை எட்டுக்கு முடியும். அடுத்த ஷிப்டுக்கு வார்டை ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப எட்டரை ஆகும். விடியற்காலைத் தொழுகையான ஸுப்ஹை அங்கேயே துணி மாற்றும் அறையில் தொழுதுவிடுவேன். ஜூன் மாதம் நாலரைக்கெல்லாம் நேரம் நுழைந்துவிடும், நோயாளிகள் எழுந்துகொள்வதற்குள் தொழுதுவிடலாம். ஜனவரியில் ஐந்தேகால் ஆகிவிடும். அது சரியாக ரத்தம் எடுக்கிற நேரம், சுகர் பார்க்கிற நேரம். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒளுவின் ஈரம் காயாத கையில் கிளவுஸ் மாட்டப் படும் பாட்டைப் பார்த்துக் கூட வேலை செய்கிற பெண்கள் சிரிப்பார்கள்.

அப்புறம் கடலூர் பஸ். உட்கார இடம் கிடைத்தால் அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் கண் சொருகிவிடும். ரெட்டிச்சாவடி அருகே பிரேக் போட்டால் எழுவேன், மறுபடி தூங்குவேன், மஞ்சக்குப்பத்தில் கண்டக்டர் குரல் கேட்டு எழுவேன். திருப்பாப்புலியூரில் இறங்கி வேறு பஸ் மாறி வீடு வந்து சேர்ந்து, சாப்பிட்டுப் படுக்கும்போது பத்தரை. எழுவது ரெண்டு ரெண்டரைக்கு. மதியத் தொழுகை ளுஹரை முடித்துக் கொஞ்ச நேரத்தில் மாலைத் தொழுகை அஸருக்குப் பாங்கு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் ரெண்டாம் வகுப்பு. சாயங்காலம் மக்தபுக்கு, குர்ஆன் பாடசாலைக்குப் போகிறாள். தூங்கி எழும்போது ஓதுகிற துஆவை (பிரார்த்தனையை) கற்றுக்கொடுத்து, வீட்டில் யார் யார் ஓதுகிறார்கள் என்று பார்த்துவரச் சொல்லியிருக்கிறார்கள். இவள் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டுவிட்டாள். வாப்பாவுக்கு ஒரு வரிசை, வாப்பும்மாவுக்கு ஒரு வரிசை, எனக்கு ஒன்று. மற்றவர்களுக்கெல்லாம் டிக். என் வரிசை காலி. கேட்டால், "உம்மா காலைல எழுந்திரிக்கவே இல்லையே, எழுந்தாத்தானே ஓத முடியும்" என்கிறாள். நான் ரெண்டரைக்கு எழுந்து ஓதியதைச் சொன்னால், "அது காலை இல்ல, செல்லாது" என்று தீர்ப்பு!

சிரித்துவிட்டேன், ஆனால் அதன் பிறகு எனக்கே சந்தேகம். இந்த துஆ ராத்திரித் தூக்கத்துக்கு மட்டும்தானா, எந்தத் தூக்கத்துக்கும் உண்டா? ராத்திரி ரெண்டு மணிவாக்கில் நாற்காலியில் சாய்ந்து அரை மணி கண் அசந்தால் பெல் அடிக்கிறது, ஓடுகிறேன், அதற்கு என்ன? பஸ்ஸில் மூன்று நாலு தடவை விழிப்பதற்கு? மாமியார் வேறு, வாய் கொப்பளிக்காமல் அல்லாஹ் பேரைச் சொல்லக்கூடாது என்கிறார். மாதவிலக்கில், தொழுகை இல்லாத நாட்களில் ஓதலாமா என்பதும் தெரிந்தால் நல்லது.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆதாரத்தோடு சொன்னால் மகளிடம் காட்டுவேன்.

---

சிப்காட் சி ஷிப்ட்:

வஅலைக்குமுஸ்ஸலாம் ராத்தா. நானும் உங்கள் கேஸ்தான், குடிகாட்டுப் பக்கம் கம்பெனி, வாரம் மாறினால் ஷிப்ட் மாறும்.

ஒரு பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) கேட்டது: இந்த துஆ வருகிற ஹதீஸில் (நபிமொழியில்) "இரவில் படுக்கைக்குச் சென்றால்" என்றுதான் இருக்கிறதாம். அதனால் அது ராத்திரித் தூக்கத்துக்கு உரியது, பகலில் எழுந்தால் சும்மா அல்ஹம்துலில்லாஹ் சொன்னால் போதும் என்றார் பேசியவர். நான் அப்படித்தான் செய்துவருகிறேன். ஆலிம்கள் யாராவது இருந்தால் சொல்லட்டும், நான் ஆலிம் இல்லை.

ஒன்று மட்டும் என் அனுபவத்தில் சொல்லலாம். அலாரம் செல்போனில்தான் இருக்கிறது. அதை அணைக்கக் கையில் எடுத்தால், வாய் துஆவுக்குப் போவதற்குள் விரல் வாட்ஸ்அப்புக்குப் போய்விடுகிறது. ஷிப்ட் குரூப்பில் எவனாவது லீவு போட்டிருப்பான், அதைப் பார்த்தால் முதல் வார்த்தை துஆவாக வராது. இப்போது சாந்தி தியேட்டர் பக்கத்துக் கடையில் வாங்கிய மணி அடிக்கும் பழைய கடிகாரம்தான் தலைமாட்டில். வீடே எழுந்துவிடுகிறது என்று அம்மா திட்டுகிறார்.

---

பரங்கிப்பேட்டை ஓய்வு:

வஅலைக்குமுஸ்ஸலாம் மகளே.

ஹஜ்ரத் என்று யாரும் எழுதிவிடாதீர்கள், நான் பிள்ளைகளுக்கு அலிஃப் பே சொல்லிக்கொடுத்துக் காலம் கழித்தவன். ஆனால் இந்த துஆவைச் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்து என் நாக்கில் தடம் விழுந்திருக்கிறது, அதனால் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

தம்பி கேட்ட பயானில் பாதி சரி. நபித்தோழர் ஹுதைஃபா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் ஒரு தடவைக்கு மேல் வருகிறது. ஓர் அறிவிப்பில் "இரவில் படுக்கைக்குச் சென்றால்" என்று இருக்கிறது, இன்னொன்றில் "படுக்கைக்குச் சென்றால்" என்பதோடு சரி, இரவு என்ற பேச்சே இல்லை. அபூதர் (ரலி) வழியாகவும் இதே துஆ வந்திருக்கிறது. படுக்கும்போது நபி (ஸல்) அவர்கள் கன்னத்துக்குக் கீழே கையை வைத்து, "அல்லாஹும்ம பிஸ்மிக்க அமூத்து வஅஹ்யா" என்பார்கள். எழுந்தால்:

அல்ஹம்து லில்லாஹில்லதீ அஹ்யானா பஃத மா அமாத்தனா வஇலைஹின் நுஷூர்.

எங்களை மரணிக்கச் செய்த பின் உயிர்கொடுத்து எழுப்பிய அல்லாஹ்வுக்கே புகழ் எல்லாம். எழுந்து போய்ச் சேரவேண்டியதும் அவனிடமே.

இதில் காலை என்ற பேச்சு எங்கே இருக்கிறது? இல்லவே இல்லை. தூக்கத்தில் உயிர் கைப்பற்றப்பட்டது, திரும்பக் கொடுக்கப்பட்டது, அதற்குப் புகழ். குர்ஆனில் சூரா ஸுமர் 42-ம் ஆயத்தை, அதாவது வசனத்தைப் பாருங்கள். உயிர்களை அவற்றின் மரண வேளையிலும், மரணிக்காதவற்றை அவற்றின் தூக்கத்திலும் அல்லாஹ் கைப்பற்றுகிறான். யாருக்கு மரணம் விதித்துவிட்டானோ அந்த உயிரை நிறுத்திக்கொள்கிறான், மற்றதைக் குறிப்பிட்ட தவணைவரை அனுப்பிவிடுகிறான். இங்கே பகல் தூக்கம் ராத்திரித் தூக்கம் என்று பிரிக்கவில்லை. சூரா ரூம் 23-ல் இன்னும் தெளிவு: இரவிலும் பகலிலும் நீங்கள் தூங்குவது அவனுடைய அத்தாட்சிகளில் ஒன்று. நைட் டியூட்டி பார்க்கிறவர்களுக்கென்றே அந்த ஆயத்து இறங்கியதோ என்று எனக்குத் தோன்றும். சும்மா தோன்றுவதுதான், தஃப்ஸீர் (குர்ஆன் விளக்கவுரை) என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எனவே பகலில் எழுந்து ஓதுவதற்குத் தடை ஒன்றும் நான் அறிந்து இல்லை. ராத்திரி என்று வந்தது பெரும்பாலானவர்களின் வழக்கத்தை ஒட்டி. தம்பி அல்ஹம்துலில்லாஹ் மட்டும் சொன்னாலும் குற்றம் இல்லை, அதுவும் திக்ருதான், அல்லாஹ்வை நினைவுகூர்வதுதான். ஆனால் முழுதாகத் தெரிந்தவர் ஏன் பாதியில் நிறுத்த வேண்டும்?

வாய் கொப்பளிப்பது: திக்ருக்கு ஒளுவும் தேவை இல்லை, கொப்பளிப்பதும் தேவை இல்லை. நபி (ஸல்) அவர்கள் எல்லா வேளைகளிலும் அல்லாஹ்வை நினைவுகூர்வார்கள் என்று அவர்கள் மனைவி ஆயிஷா (ரலி) சொன்னது முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. தொழுகை இல்லாத நாட்களில் துஆவும் திக்ரும் தாராளமாக ஓதலாம், அதில் உலமாக்களுக்குள் சச்சரவே இல்லை. குர்ஆன் ஆயத்துகளை ஓதுவதுதான் வேறு விஷயம். நாம் ஷாஃபி சட்டப் பிரிவு, அந்த நாட்களில் ஆயத்தை ஓதுவதில்லை.

ராத்திரி நாற்காலியில் கண் அசந்து பெல் கேட்டு எழுகிறீர்களே, அதற்கென்று இன்னொன்று இருக்கிறது, அதை அதிகம் பேர் மக்தபில் படிப்பதில்லை. உபாதா பின் ஸாமித் (ரலி) அறிவிப்பு, அதுவும் புகாரியில். இரவில் விழிப்புத் தட்டியவர்,

லாஇலாஹ இல்லல்லாஹு வஹ்தஹு லா ஷரீக்க லஹு, லஹுல் முல்க்கு வலஹுல் ஹம்து வஹுவ அலா குல்லி ஷையின் கதீர், அல்ஹம்து லில்லாஹ், வஸுப்ஹானல்லாஹ், வலாஇலாஹ இல்லல்லாஹ், வல்லாஹு அக்பர், வலா ஹவ்ல வலா குவ்வத்த இல்லா பில்லாஹ்

என்று சொல்லி, பிறகு "அல்லாஹும்மஃக்ஃபிர் லீ" என்றோ வேறு ஏதோ கேட்டாலோ அது ஏற்கப்படும். ஒளுச் செய்து தொழுதால் தொழுகையும் ஏற்கப்படும். நாற்காலியில் இருந்து நோயாளி கட்டில் வரைக்கும் நடக்கிற நேரத்தில் ஓதி முடித்துவிடலாம். அந்த நோயாளிக்காகவும் கேளுங்கள். கேட்டால் ஏற்கப்படும் என்று சொன்ன வேளையில் சும்மா போவானேன்?

---

முல்லா வீதி:

தங்கச்சி, மாமியாரைச் சும்மா தள்ளிவிடாதீர்கள். அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது, வரிசைதான் மாறிப்போயிருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் இரவில் எழுந்தால் மிஸ்வாக் என்ற பல்குச்சியால் வாய் தேய்ப்பார்கள் என்பதும் ஹுதைஃபா (ரலி) சொன்ன ஹதீஸ்தான், மேலே பெரியவர் எழுதிய அதே ஸஹாபி. முதலில் துஆ, அப்புறம் மிஸ்வாக் என்று மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள், தோற்ற மாதிரி இருக்காது அவருக்கு.

தூங்கி எழுந்தவர் கையை மூன்று தடவை கழுவாமல் பாத்திரத்துக்குள் விடக்கூடாது, கை ராத்திரி எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியாது என்று ஒரு ஹதீஸ் உண்டு. நர்ஸுக்குக் கை கழுவச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா! ஆனால் என் வீட்டில் டிரம்மில் தண்ணீர் பிடித்து வைக்கிறோம், எழுந்ததும் மக்கை எடுத்து முக்குகிறேன் என்று முழங்கைவரை உள்ளே விடுகிற பையன் ஒருத்தன் இருக்கிறான். அவனுக்குத் துஆவைவிட இதைத்தான் முதலில் படிய வைக்க வேண்டியிருந்தது.

நான் எழுத வந்தது உங்கள் மகளைப் பற்றி. கட்டம் போடுவதெல்லாம் நல்லதுதான், சின்னப் பிள்ளைக்கு ஆர்வம் வரும். ஆனால் வீட்டில் பெரியவர்களுக்கு டிக் போடுகிற வேலையைப் பிள்ளையிடம் நீண்ட நாள் விட்டுவைக்காதீர்கள். எங்கள் வீட்டில் மூத்தவள் இப்படித்தான் ஆரம்பித்தாள், கடைசியில் காரைக்காலில் இருந்து வந்த விருந்தாளியை நடுக்கூடத்தில் நிற்க வைத்து, "நீங்க ஓதினதை நான் கேக்கல, மறுபடி ஓதுங்க" என்றாள். அந்த மாமாவுக்கு துஆ தெரியாது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். இந்த வயதில் அர்த்தம் சொல்லிக்கொடுக்கும்போது பிள்ளைக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். "மரணிக்கச் செய்த பின்" என்று சொன்னேன், என் இளையவன் ஒரு வாரம் தூங்க மாட்டேன் என்றான். "நேத்து நான் செத்தாப் போனேன்?" என்று கேட்டான். நான் ஸுமர் ஆயத்தை எடுத்து விளக்கிப் பார்த்தேன், அவனுக்கு ஏறவில்லை. அவன் தாத்தாதான் சரி செய்தார். "நேத்து ராத்திரி நீ பெட்டில் இருந்து கீழே விழுந்ததும், நான் தூக்கி மேலே போட்டதும் உனக்குத் தெரியுமா? உனக்கே தெரியாம ஒருத்தன் உன்னை வச்சிருந்து காலைல திருப்பிக் கொடுத்தான்ல, அவனுக்குத்தான் தேங்க்ஸ் சொல்றோம்" என்றார். அன்றைக்குத் தூங்கிவிட்டான். விழுந்ததும் உண்மைதான், காதுக்குப் பக்கத்தில் வீங்கியிருந்தது.

நீளமாக இருக்கிறது என்று பிள்ளைகள் திணறினால் நாலு துண்டாக்குங்கள்: அல்ஹம்து லில்லாஹ் / அல்லதீ அஹ்யானா / பஃத மா அமாத்தனா / வஇலைஹின் நுஷூர். படுக்கும் துஆவில் அமூத்து முன்னால், அஹ்யா பின்னால். எழும் துஆவில் அஹ்யானா முன்னால். பிள்ளைகள் இதைத்தான் மாற்றிவிடும். ஒன்று நன்றாகப் படிந்த பிறகு மற்றதைச் சொல்லிக்கொடுத்தால் குழப்பம் இல்லை.

---

நெல்லிக்குப்பம் லோடு:

அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும்.

நான் கரும்பு லோடு அடிக்கிறேன். ஆலை ஓடுகிற சீசனில் ராத்திரி வண்டி வரிசையில் நிற்கும். முன்னால் உள்ள டிராக்டர் நகர்ந்தால் நானும் நகர்த்த வேண்டும், நின்றால் ஸ்டியரிங்கில் தலை. பின்னால் இருப்பவன் ஹாரன் அடிப்பான், எழுவேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு உயிர்த்தெழுதல்! சிஸ்டருக்குப் பஸ்ஸில் மூன்று நாலு, எனக்கு எண்ணிக்கையே இல்லை. ஒவ்வொரு தடவையும் ஓதணுமா என்று எங்கள் பள்ளிவாசல் இமாமிடமே கேட்டிருக்கிறேன். சிரித்தார். படுத்துத் தூங்கி எழுவதுக்கு வந்த துஆ, தலை ஆடித் தூங்கி விழிப்பதுக்கெல்லாம் கட்டாயம் என்று ஒன்றும் இல்லை, ஓதினால் நன்மை, ஓதாவிட்டால் பாவம் இல்லை, நீ முதலில் ஹாண்ட் பிரேக் போட்டுத் தூங்கு என்றார்.

நான் சொல்ல நினைத்தது ஸுப்ஹு விஷயம். சிஸ்டர் வேலையிலும் தொழுதுவிடுகிறார், மாஷா அல்லாஹ். ஆனால் இதைப் படிக்கிற டிரைவர்மார்கள், ஷிப்ட்காரர்கள் நிறையப் பேர் கேபினில் அசந்து தூங்கிச் சூரியன் வந்த பிறகு எழுபவர்கள். எழுந்ததும் "போச்சு, இன்னிக்கு விட்டாச்சு, ளுஹரோட பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். அப்படி விடக்கூடாது.

கைபரில் இருந்து திரும்புகிற வழியில் நடந்தது முஸ்லிமில் இருக்கிறது. ராத்திரி முழுக்கப் பயணம், எல்லாருக்கும் அசதி. நபி (ஸல்) அவர்கள் இறங்கி, "எங்களுக்காக இரவைப் பார்த்துக்கொள்" என்று பிலால் (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். பிலால் கொஞ்சம் தொழுதார், விடியல் வரும் திசையைப் பார்த்தபடி தன் ஒட்டகத்தில் சாய்ந்து உட்கார்ந்தார், அப்படியே தூங்கிவிட்டார். நபியும் எழவில்லை, பிலாலும் எழவில்லை, ஸஹாபாக்கள் ஒருவரும் எழவில்லை, வெயில் மேலே பட்ட பிறகுதான். முதலில் எழுந்தது நபி (ஸல்) அவர்கள். "பிலாலே!" என்று கூப்பிட்டதும் பிலால் என்ன சொன்னார் தெரியுமா? உங்கள் உயிரைப் பிடித்தவன்தான் என் உயிரையும் பிடித்துக்கொண்டான் என்றார்.

அந்த இடத்தில் இருந்து கொஞ்சம் நகர்ந்துபோய், ஒளுச் செய்து, பிலால் தொழுகை தொடங்கும் அழைப்பான இகாமத் சொல்ல, நபி (ஸல்) அவர்கள் ஜமாஅத்தாகத் தொழவைத்தார்கள். தொழுகையை மறந்தவர் நினைவு வந்ததும் தொழட்டும் என்றும் சொன்னார்கள். நான் ஹனஃபி சட்டப் பிரிவு, சூரியன் உதிக்கிற அந்தக் கொஞ்ச நேரம் விட்டு, நன்றாக மேலே வந்ததும் தொழுவேன். ளுஹர்வரைக்கும் தள்ளிப்போடுவதில்லை.

பிலால் பேச்சு எனக்கு ரொம்பப் பிடிக்கும். காவல் இருக்கச் சொன்னவர் தூங்கிவிட்டார், நபியே கேட்கிறார், அப்போது வருகிற பதில் இது. என் முதலாளியிடம் ஒரு தடவை இப்படிச் சொல்லிப் பார்க்கணும்.

---

சிப்காட் சி ஷிப்ட்:

லோடு பாய், அது பகலில் எழுந்ததுதானே, வெயில் பட்ட பிறகு. அப்போது நபி (ஸல்) அவர்கள் இந்த துஆவை ஓதினார்கள் என்று வருகிறதா?

---

பரங்கிப்பேட்டை ஓய்வு:

நல்ல கேள்வி தம்பி. அந்த அறிவிப்பில் துஆவைப் பற்றிய பேச்சு இல்லை. அதனால் அதை ஆதாரமாக நான் காட்டமாட்டேன், லோடு தம்பியும் அதற்காகச் சொல்லவில்லை. தூக்கத்தில் உயிர் பிடிக்கப்படுகிறது என்ற பேச்சு வெயில் ஏறி எழுந்தவரின் வாயிலும் வருகிறது, நபி (ஸல்) அவர்கள் அதை மறுக்கவில்லை என்ற அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

தூக்கத்தில் அலட்சியம் என்பது இல்லை, விழித்திருக்கும்போதுதான் அலட்சியம் என்று அபூகதாதா (ரலி) அறிவிப்பில் வருகிறது. ஆனால் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு அலாரமே வைக்காமல் படுக்கக்கூடாது. பிலாலை உட்கார வைத்துவிட்டுத்தானே படுத்தார்கள்.

நேரம் இருக்கிற நாட்களில் இன்னொன்றும் செய்துபாருங்கள். இப்னு அப்பாஸ் (ரலி) சின்னப் பையனாக இருந்தபோது, தன் சின்னம்மா மைமூனா (ரலி) வீட்டில் ஒரு ராத்திரி தங்கினார். மைமூனா நபியின் மனைவி. தலையணையின் நீளவாட்டில் அவர்கள் இருவரும், அகலவாட்டில் பையன். நடுராத்திரி, அல்லது கொஞ்சம் முன்னே பின்னே, நபி (ஸல்) அவர்கள் எழுந்து உட்கார்ந்து, முகத்தில் இருந்த தூக்கத்தைக் கையால் துடைத்துவிட்டு, ஆலு இம்ரான் சூராவின் கடைசிப் பத்து ஆயத்துகளை ஓதினார்கள். பிறகு தொங்கிக்கொண்டிருந்த பழைய தோல்பையில் இருந்து தண்ணீர் எடுத்து நல்லபடி ஒளுச் செய்து தொழ நின்றார்கள். பையனும் எழுந்து அதேபோல் செய்து பக்கத்தில் போய் நின்றான். நபி அவன் காதைப் பிடித்தார்கள் என்றும் வருகிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால், எந்தக் காது என்றுதான் முதலில் கேட்பார்கள். வலது காது.

கவனியுங்கள், ஆயத்து ஓதியது ஒளுவுக்கு முன்னால். முகத்தைத் துடைத்தது வெறும் கையால். மாமியாருக்கு இதையும் சொல்லலாம்.

---

முதுநகர் நர்ஸ்:

எல்லாருக்கும் ஜஸாக்கல்லாஹு கைர்.

பெரியவர் எழுதியதை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். மைமூனா (ரலி) வீட்டுச் சம்பவம் வரைக்கும் கேட்டுவிட்டு, "அவங்க வாய் கஸ்தூரி மாதிரி மணக்கும்டி, உனக்கும் எனக்கும் அப்படியா" என்று போய்விட்டார். முல்லா வீதி ராத்தா, நீங்கள் சொன்ன மிஸ்வாக் கணக்குதான் எடுபட்டது. இப்போது அவரே, "முதல்ல துஆ, உடனே பல்லு" என்று மகளிடம் சட்டம் போடுகிறார்.

மகளிடம் ரூம் சூராவின் மொழிபெயர்ப்பைக் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்தாள், "இரவிலும் பகலிலும்." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப பகல்ல எழுந்திரிச்சாலும் செல்லும், ஆனா நான் ஸ்கூல்ல இருப்பேன், யாரு கேக்குறது?" என்றாள். அதுவும் நியாயம்தான். ராத்தா சொன்ன மாதிரி டிக் போடும் வேலையை மெதுவாக நிறுத்த வேண்டும், ஆனால் மக்தபில் தாளைக் காட்ட வேண்டுமாம், அதுவரைக்கும் இருக்கட்டும்.

லாஇலாஹ இல்லல்லாஹு வஹ்தஹு முழுதாகப் பாடம் இருக்கிறது, தொழுகைக்குப் பிறகு ஓதுவதுதானே, கூட நாலு வார்த்தைதான். விழித்ததும் அதைச் சொல்ல வேண்டும் என்று தெரியாது. நேற்று ராத்திரி மூன்று மணிக்கு ஐந்தாம் பெட் அம்மாவுக்கு டிரிப் நின்றுவிட்டது, பெல். எழுந்து போய்க்கொண்டே சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் பெட் வந்துவிட்டது. ஊசி இடம் மாறி வீங்கியிருந்தது, மாற்றிப் போட்டேன். "யாரும்மா கூட பேசிக்கிட்டே வர்றே" என்று அந்த அம்மா கேட்டார். சாமி கும்பிட்டேன் என்றேன். "எனக்கும் சேத்துக் கும்பிடு" என்றார்.

பெரியவரிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கிளம்பும்போது ஒளு இருக்கும். வீட்டுக்கு வந்து படுப்பதற்கு முன் முற்பகல் தொழுகையான லுஹா ரெண்டு ரக்அத் தொழ ஆசை. பஸ்ஸில் தூங்கியதால் ஒளு போய்விட்டதா?

---

பரங்கிப்பேட்டை ஓய்வு:

நம் மத்ஹபில் (சட்டப் பிரிவில்), இருக்கையில் நன்றாகப் படிந்து உட்கார்ந்தபடி தூங்கினால் ஒளு முறியாது. ஸஹாபாக்கள் இரவுத் தொழுகை இஷாவுக்காகக் காத்திருந்து தலை தொங்கத் தூங்கிவிட்டு, மறுபடி ஒளுச் செய்யாமல் தொழுதார்கள் என்று அனஸ் (ரலி) சொன்னது இருக்கிறது. ஆனால் பக்கத்தில் இருப்பவர் தோளில் சரிந்து, உட்கார்ந்த இடம் தூக்கிப் போகிற அளவுக்குத் தூங்கினால் கணக்கு வேறு. கடலூர் ரோட்டில் பிரேக் போடுகிற வேகத்துக்குச் சரியாமல் தூங்குவது கஷ்டம். சந்தேகம் வந்தால், முன்பிருந்த ஒளு இருக்கிறது என்பதுதான் சட்டம். ஆனால் வீட்டில் தண்ணீர் இருந்தால் புதிதாகச் செய்துவிட்டுத் தொழுங்கள், ஒளுவோடு படுப்பதும் சுன்னத்துதான், ரெண்டுக்கும் ஆகும்.

---

நெல்லிக்குப்பம் லோடு:

நாங்கள் ஹனஃபி, எங்களுக்குச் சாய்ந்து தூங்கினால் சட்டம் கொஞ்சம் கடுமை. அதனால் கேபினில் ரெண்டு லிட்டர் பாட்டில் எப்பவும் இருக்கும். சிஸ்டர், டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர சீட்டில் உட்காராதீர்கள், கம்பியில் தலை இடிக்கும். நடு வரிசை நல்லது.